பூவெல்லாம் என் தலையில்

1983 செப்டம்பர் 11, ஞாயிறு

இந்த டைரி விதைக் கம்பெனிக்காரன் பள்ளிக்கூடத்துக்கு ஓசியில கொடுத்தது. இவுக ரெண்டு வாங்கிட்டு வந்து ஒண்ணை எங்கிட்ட நீட்டி, "அரசி, நீ பேசுறதுல பாதியை இதுல எழுது, என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்"னாக. அது மார்ச்சு மாசம். அன்னைக்கு வந்த கோவத்துல அரிசி டின்னுக்கு அடியில போட்டேன், இன்னைக்குத்தான் வெளிய எடுக்குறேன். கோவம் தீர்ந்துபோச்சுன்னு யாரும் நெனைக்க வேண்டாம். எழுதியே ஆக வேண்டிய சேதி ஒண்ணு நடந்திருக்கு.

பூ கெடைச்சிருச்சு!

நான் நிலக்கோட்டை பூ மண்டிக்காரர் மக. முழுப்பேரு மங்கையர்க்கரசி. வெவரம் தெரிஞ்ச நாளா பூ வைக்காம இருந்தேன்னா அது அம்மை போட்டிருந்த பத்து நாள்தான். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கிட்டு ஜாம்பியாவுக்கு வந்து ஆறு மாசமாச்சு, தலையில ஒத்தைப் பூ ஏறலை. இங்க காகிதப்பூ கொட்டிக் கெடக்கு. அதைக் கட்டி வச்சுக்கிட்டு எங்க போறது?

நாங்க இருக்குறது காட்டுக்கு நடுவுல ஒரு பள்ளிக்கூடம். சிபாட்டா டவுனுக்கு நாப்பது மைல். வாத்தியாருங்களுக்கு வரிசையா ஆறு வீடு. எங்க பக்கத்து வீடு டெம்போ அம்மா வீடு. எஸ்தர் டெம்போன்னு பேரு. சமையலும் தையலும் சொல்லித்தர்ற டீச்சர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், புருஷன் இல்லை. ஒரே மக தோகோ, வெளியூர்ல டீச்சர் டிரெயினிங் படிக்குது. நான் வந்த மறுநாள் வாசல்ல நின்னு "ஓடி, ஓடி"ன்னாங்க. இங்க கதவைத் தட்டுறதுக்குப் பதிலா அப்படித்தான் கூப்பிடுவாங்களாம், எனக்கு என்ன தெரியும்? பின்வாசல் வழியா ஓடியே போயிட்டேன். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல சிநேகிதமானோம். என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீசும் அவங்க நிதானமான இங்கிலீசும் எப்படியோ ஒத்துப்போகுது. இந்த ஊர்ல நான் வாய் விட்டுப் பேச இருக்குற ஒரே ஆளு அவங்கதான்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேலியோரமா ஒரு முள்ளுச்செடி நிக்குது, என்னைவிட ஒசரம். இத்தனை நாளு அதை நான் திரும்பிக்கூடப் பாத்ததில்லை. இன்னைக்குக் காலையில துணி காயப்போடப் போனா கமகமன்னு வாசம். செடி பூராம் வெள்ளை வெள்ளையாப் பூ. அஞ்சு இதழு, மொட்டுக்கு அடியில லேசாச் செவப்பு. ஆத்தாடி, அப்படியே எங்க ஊரு ஜாதிமல்லி! டெம்போ அம்மாவைக் கூப்பிட்டு, பறிச்சுக்கவான்னு கையைக் காட்டிக் கேட்டேன். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ"ன்னு சிரிச்சாங்க.

ஒரு கிண்ணம் நெறையப் பறிச்சேன். முள்ளு குத்தி ரெண்டு விரல்ல ரத்தம். மாவு மூட்டை பிரிச்ச நூல்ல கட்டினேன். கை மறக்கலை! மொதல்ல மீனாட்சி படத்துக்குப் போட்டுட்டு மிச்சத்தை நான் வச்சுக்கிட்டேன். இவுக வீட்டுக்குள்ள வந்ததும் நாலு தும்மல் போட்டாக. தும்மட்டும்.

செப்டம்பர் 14, புதன்

ரெண்டு முழம்.

செப்டம்பர் 19, திங்கள்

டெம்போ அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, தெனமும் ஏன் பறிக்கிறேன்னு கேட்டாங்க. கோவமாக் கேக்கலை, தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் கேட்டாங்க. நானும் வெளக்கமாச் சொல்லணும்னுதான் பாத்தேன். மொதல்ல சாமிக்கு, அப்புறம் நமக்கு, கட்டுன பொம்பளை பூ வச்சா புருஷனுக்கு நல்லது, இப்படி. இங்கிலீசுல அம்புட்டும் வரலை. "சாமிக்கு. என் வீட்டுக்காரருக்காக"ன்னு மட்டும் வந்துச்சு.

அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாங்க. பூன்னா அவங்களுக்கும் உசுரு போல.

செப்டம்பர் 23, வெள்ளி

டெம்போ அம்மா ஆறு முட்டை கொண்டாந்து கொடுத்து, "சாருக்கு"ன்னாங்க. எனக்குன்னு சொல்லலை. இவுக ஆறையும் ரெண்டு நாள்ல முடிச்சிட்டாக.

அக்டோபர் 2, ஞாயிறு

இன்னைக்கு நடந்ததை அம்மாவுக்கு எழுதுனா நம்ப மாட்டாங்க. மத்தியானம் சர்ச்சு முடிஞ்சு பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க, எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையும் கறுப்புமா உடுத்திக்கிட்டு, டெம்போ அம்மா தலைமையில எங்க வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. இவுக லுங்கியோட மாட்டிக்கிட்டாக. நாற்காலியில உக்கார வச்சு, சுத்தி நின்னு, தலையில கைய வச்சு, பாட்டுன்னா பாட்டு அப்படி ஒரு பாட்டு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, என்ன கொரலு! ஒரு கெழவி இவுக கன்னத்தைத் தடவித் தடவி அழுதாங்க.

போனப்புறம் இவுக, "மார்கழியில நம்ம ஊர்ல பஜனைக்காரங்க வீடு வீடாப் போவாங்கள்ல, அது மாதிரி இருக்கும்"னாக. பி.எஸ்சி. படிச்ச மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும். வந்த எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தேன்.

அக்டோபர் 10, திங்கள்

ஹெட்மாஸ்டர் இவுகளைக் கூப்பிட்டு, இனிமே சாயங்காலம் ஃபுட்பால் மேற்பார்வைக்கு வர வேண்டாம், வீட்டுல போய் ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லிட்டாராம். இவுகளுக்குச் சந்தோஷம் தாங்கலை. "என் கணக்குத் திறமையைப் பாத்து மரியாதை கொடுக்குறாங்கடி"ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நாலு மணிக்கே வந்து உக்காந்துக்கிட்டாக. இனிமே டெய்லி சாயங்காலம் பஜ்ஜி கேப்பாகளே, எண்ணெய்க்கு எங்க போவேன்?

அக்டோபர் 16, ஞாயிறு

நல்ல சேதி. தோகோவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. கட்டேட்டே ஊர்ப் பையன், அவனும் வாத்தியாராம். பையன் வீட்டாளுங்க ஜனவரி ஏழாந்தேதி மொதமொதல்ல பொண்ணு வீட்டுக்கு வர்றாங்க.

அன்னைக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். சாப்பாடு இருக்கட்டும், அதுக்கு முன்னால கொடுக்குற பானகம்தான் முக்கியம்னாங்க. அவங்க குடும்பத்து வழக்கமாம். பொண்ணு பொறந்தப்ப அம்மா நட்ட செடி ஒண்ணு இருக்கும், அதுல காய்ச்ச பழத்தைப் பிழிஞ்சு பையன் வீட்டு மூத்தவங்களுக்குக் கொடுக்கணும். செடியைப் பாத்துக்கிட்ட வீடு பொண்ணையும் பாத்து வளத்திருக்கும்னு அதுல ஒரு கணக்கு. அது இல்லாமப் போனா அந்த ஊர்ல பொண்ணுக்குக் காலத்துக்கும் பேச்சு நிக்குமாம். டெம்போ அம்மாவோட ஒரு அத்தைக்கு அப்படி ஆகி, சாகுறவரைக்கும் "வெறுங்குவளை"ன்னே கூப்பிட்டாங்களாம்.

அவங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு கொய்யா மரம் நிக்குது. அதுவாத்தான் இருக்கும். நல்ல மரம், நெறையாக் காய்க்கும், ஒண்ணும் பயமில்லைன்னு தைரியம் சொன்னேன். அவங்க என் தலையில இருந்த பூவையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

அக்டோபர் 30, ஞாயிறு

வெயிலு மண்டையைப் பொளக்குது. மக்காச்சோள மாவுல தோசை ஊத்துனேன். தோசைன்னு நான் சொன்னேன், தோசை ஒத்துக்கலை.

செடியில பூ கொறையவே இல்லை, பறிக்கப் பறிக்க வருது. டெம்போ அம்மா பக்கத்துல வந்து நின்னு, "இன்னைக்கும் எல்லாமா?"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை, மூணு முழமாவது வேணும்னேன். செடியை மேலயும் கீழயும் ஒரு தடவை பாத்துட்டு, "கடவுள் உன் வேண்டுதலைக் கேக்கட்டும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. மக கல்யாணக் கவலை, பாவம். இதெல்லாம் முடியுறவரைக்கும் அம்மாக்களுக்கு மனசு ஒரு நெலையில நிக்காது.

நவம்பர் 4, வெள்ளி, தீபாவளி

எண்ணெய் கெடைக்காததால முறுக்கு இல்லை. அதுக்கு ஈடு கட்ட விடியக்காலையிலேயே போயி செடியைத் தொடைச்சு எடுத்துட்டேன். அஞ்சு முழம்! சாமிக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு, டெம்போ அம்மாவுக்கு ரெண்டு.

அவங்க அதை வாங்கித் தலையில வச்சுக்கலை. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஒவ்வொரு பூவாத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. கண்ணுல தண்ணி. இந்த அளவுக்குச் சந்தோஷப்படுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே கட்டிக் கொடுத்திருப்பேன்.

நவம்பர் 21, திங்கள்

மழை பிடிச்சிருச்சு. பூ நின்னுபோச்சு.

டிசம்பர் 4, ஞாயிறு

இதை எப்படி எழுதுறதுன்னு தெரியலை.

தோகோ லீவுக்கு வந்திருக்கு. காலையில வேலிப்பக்கம் அம்மாவும் மகளும் சண்டை போடுற சத்தம் கேட்டுப் போனேன். தோகோ செடியைச் சுத்திச் சுத்தி வந்து கையை விரிச்சுக் கத்துது. டெம்போ அம்மா அது வாயைப் பொத்துறாங்க. என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் கப்சிப். அப்புறம் தோகோ என்கிட்ட நேரா வந்து, நல்ல இங்கிலீசுல, பளிச்சுன்னு கேட்டுச்சு. "ஆன்ட்டி, சாருக்கு இப்ப எப்படி இருக்கு? உயிருக்கு ஆபத்தில்லையே?"

எனக்கு ஒண்ணும் புரியலை. அவருக்கென்ன, உள்ள மூணாவது டம்ளர் டீ குடிச்சுக்கிட்டிருக்காரேன்னேன்.

அப்புறம்தான் ஒண்ணொண்ணா வந்துச்சு. சாமிக்கு, வீட்டுக்காரருக்காகன்னு நான் சொன்னேன்ல? இவுகளுக்கு ஏதோ தீராத சீக்கு, அது தீர நான் தெனமும் பூப்பறிச்சுப் போடுறதா வேண்டிக்கிட்டிருக்கேன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. முட்டை அதுக்குத்தான். சர்ச்சுப் பொம்பளைங்க வந்து அழுதது அதுக்குத்தான். ஹெட்மாஸ்டர் ரெஸ்ட் கொடுத்ததும் அதுக்குத்தான்!

நான் சிரிக்க ஆரம்பிச்சேன். தோகோ சிரிக்கலை. செடியைக் காட்டுச்சு. பூ இருந்திருந்தா இந்நேரம் கிளை தெரியாம காய் தொங்கணுமாம். தோகோ பொறந்த வாரம் காட்டுலேருந்து வேரோட கொண்டாந்து நட்ட செடி, இருவத்திரெண்டு வயசு. பையன் வீட்டுக்குப் பிழிஞ்சு கொடுக்க வேண்டிய பழம் கொய்யா இல்லை. இதுதான்.

கை எட்டாத உச்சியில, முள்ளு அண்டவிடாத எடத்துல, எண்ணிப் பாத்தோம். பதினோரு காய்.

தோகோ கீழ விழுந்து கெடந்த ஒரு பழைய பழத்தை எடுத்துக் காட்டுச்சு. அடிப்பாவி மகளே, அது களாப்பழம்! அப்படியே நம்ம களா இல்லைன்னாலும் அதோட தங்கச்சி. சிறுமலையிலேருந்து கூடையில கொண்டாந்து விப்பாங்க, சின்ன வயசுல உப்புப் போட்டுத் தின்னிருக்கேன். கூடையில இருக்குற பழத்தைத்தானே எனக்குத் தெரியும், செடியை எங்க பாத்தேன்? எங்க மண்டியில பூவுன்னா பூவு, அது பழமாகும்னு யாரும் காத்துக்கிட்டிருந்ததில்லை. மொத்தக் காய்ப்பையும் ரெண்டு மாசத்துக்கு மேல மொழம் போட்டுத் தலையில வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

டெம்போ அம்மாகிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னு அழுதுக்கிட்டே கேட்டேன். தோகோதான் சொல்லுச்சு. "நானும் அதைத்தான் கேட்டேன். பழம் அடுத்த வருஷமும் காய்க்கும், புருஷன் போனா அடுத்த வருஷம் வருவாரான்னு கேக்குறாங்க."

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவதான்.

டிசம்பர் 5, திங்கள்

இவுககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "ஹெட்மாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிராத"ன்னாக. கையில இருந்த கரண்டியை எறிஞ்சேன். படலை.

டிசம்பர் 11, ஞாயிறு

காட்டுல வேற செடி இருக்கும்ல? சைக்கிள்ல என்னைப் பின்னாடி உக்கார வச்சு இவுக மலையடிவாரத்துக்கு மிதிச்சாக. "சீக்காளி மனுஷனை இப்படி மிதிக்க விடுறியே"ன்னு வழியெல்லாம் பேச்சு. ஏழெட்டுச் செடி பாத்தோம். எல்லாத்தையும் எங்களுக்கு முந்தியே குரங்குக்கூட்டம் ஒரு கை பாத்திருக்கு. பெரிய பெரிய குரங்கு, மூஞ்சி நாய் மாதிரி. பாறையில உக்காந்து கொட்டையைத் துப்பிக்கிட்டே எங்களை வேடிக்கை பாக்குது. இவுக ஒரு கல்லை எடுத்தாக. அதுல பெருசு ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. இவுக கல்லைக் கீழ வச்சுட்டு, "எல்லாம் ஒரு உசுருதானே"ன்னாக.

வாயில்புடவை ஒண்ணு கிழிஞ்சதுதான் மிச்சம்.

டிசம்பர் 18, ஞாயிறு

மறுபடியும் போனோம். ஜாம் டின்னுல கால்வாசி. பாதிக்குமேல பச்சை.

டிசம்பர் 29, வியாழன்

ஒரு யோசனை தோணுச்சு. ஊர்லேருந்து கொண்டாந்த புளியில கடைசி உருண்டை ஒண்ணு இருந்துச்சு. அதைக் கரைச்சு, வெல்லம் தட்டிப் போட்டு, களாவோட சேத்தா அளவு கூடும்ல? அந்தப் புளியை நான் பொங்கலுக்கு வச்சிருந்தேன். பரவாயில்லைன்னு கரைச்சு எடுத்துக்கிட்டுப் போனேன்.

டெம்போ அம்மா ஒரு வாய் குடிச்சாங்க. "ரொம்ப நல்லாருக்கு"ன்னாங்க. இன்னொரு வாய் குடிச்சாங்க. "ஆனா பையனோட அத்தை கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சாலும் இது வேறன்னு சொல்லிருவாங்க"ன்னாங்க. தோகோ மிச்சத்தைப் பூராம் குடிச்சிருச்சு. அந்தப் பொண்ணுக்கு என் மேல இருந்த கோவம் இன்னைக்குத்தான் கொஞ்சம் எறங்குச்சு.

என்னதான் செய்யப்போறீங்கன்னு கேட்டேன். குரங்கு தின்னுருச்சுன்னு சொல்லிரலாம்னாங்க. என் பேரை இழுக்க மாட்டாங்க போல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

1984 ஜனவரி 7, சனி

எழுதிட்டுத்தான் படுக்கணும்.

பத்து மணிக்கு அஞ்சு பேரு வந்தாங்க. பையனோட பெரியப்பா, அத்தை, இன்னும் மூணு சொந்தக்காரங்க. பெரியப்பா நல்ல ஒசரம், சாது. அத்தைதான் எல்லாம். சின்ன உருவம், ஆனா அவங்க தொண்டையைக் கனைச்சா வீடே நிமிந்து உக்காருது. நான் அடுக்களையில கோழிக்கொழம்பைக் கிண்டிக்கிட்டு, கதவுச் சந்துல ஒரு கண்ணை வச்சிருந்தேன். தோகோ பாயில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்துச்சு.

பானகம் வந்துச்சு. அஞ்சு குவளை வைக்க வேண்டிய தட்டுல ஒரே ஒரு குவளை, அதுலயும் பாதி. பதினோரு பழமும், நாங்க காட்டுல பொறுக்குனதுல பழுத்ததும் போட்டது. அத்தை குடிச்சுப் பாத்துட்டு, இதுல பொண்ணோட செடி எத்தனைன்னு கேட்டாங்க. டெம்போ அம்மா பொய்யைக் கொறைச்சே சொன்னாங்க. செடியில பதினொண்ணு, மிச்சம் மலையில. காய்ப்பைக் குரங்கு அழிச்சிருச்சு.

இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். ஆனா அத்தை அடுத்துச் சொன்னது புரிஞ்சுச்சு, ஏன்னா அவங்க டெம்போ அம்மாவைப் பாக்கலை, தோகோவைப் பாத்துச் சொன்னாங்க. வாசல்ல நிக்கிற ஒரு செடியைக் குரங்குகிட்டேருந்து காப்பாத்தத் தெரியாத பொண்ணு, எங்க பையன் வீட்டுல எதைக் காப்பாத்தும்?

தோகோ நிமிரவே இல்லை. மூக்கு நுனியிலேருந்து ஒரு சொட்டு மடியில விழுந்துச்சு.

எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலை. கரண்டியைப் போட்டுட்டு உள்ள போயிட்டேன். இங்க பெரியவங்க முன்னால பொம்பளைங்க எப்படிப் போவாங்கன்னு பாத்து வச்சிருக்கேன். அதே மாதிரி முட்டி போட்டு, உள்ளங்கையைக் குழிச்சு ரெண்டு தட்டுத் தட்டினேன். எனக்குத் தெரிஞ்ச அவங்க பாஷையில தெரிஞ்ச மட்டும் சொன்னேன். "ந்யானி ந்தினே."

அந்தக் குரங்கு நான்தான்.

பெரியப்பாவுக்குப் பொரையேறுச்சு. ஒருத்தர் முதுகைத் தட்டுனாரு. நான் அழுகையும் இங்கிலீசுமா எல்லாத்தையும் கொட்டுனேன், பூவு, சாமி, வீட்டுக்காரரு, முட்டை, சர்ச்சு, அம்புட்டும். தோகோ ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுச்சு. லுங்கி கதை வந்தப்ப அந்த மூணு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அத்தை சிரிக்கலை.

"இந்தப் பொம்பளை யாரு?"ன்னாங்க.

பெரியப்பாதான் பதில் சொன்னாரு. நல்ல மனுஷன். வெளிதேசத்து வாத்தியார் சம்சாரம், அவ்வளவுதான்னாரு. வெளியாள் செஞ்சது ஆலங்கட்டி மழை செஞ்ச மாதிரி. மழைக்கு யாரு பதில் சொல்லுறது? அதனால இந்த வீட்டு மேல குத்தமில்லை, பொண்ணு மேலயும் குத்தமில்லை, பேச்சை இத்தோட விட்டுருவோம். தோகோ இதை எங்காதுல சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. தப்பிச்சாச்சு! தலையை ஆட்டிக்கிட்டு எந்திரிக்கப் போனேன்.

டெம்போ அம்மா என் தோள்ல கையை வச்சு அமுக்கி உக்கார வச்சுட்டாங்க.

நின்னுக்கிட்டே ஏதோ சொன்னாங்க. சின்னப் பேச்சுதான். தோகோ அதை எனக்குச் சொல்லலை, அவங்க அம்மாவையே பாத்துக்கிட்டிருந்துச்சு. நான் முழங்கையால இடிச்சேன். அப்புறம் சொல்லுச்சு.

"ஆலங்கட்டி இல்லை, வெளியாளும் இல்லை. இது என் தங்கச்சி. என் தங்கச்சி செஞ்ச குத்தம், எங்க வீட்டுக் குத்தம். அதுக்கு என்னவோ அதைச் சொல்லுங்க."

அடி ஆத்தி. கையில கெடைச்ச வழியை அவங்களே அடைச்சிட்டாங்க! மகளுக்கு விடுதலை கெடைச்சு ஒரு நிமிஷம் ஆகலை. நான் வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுறேன், அவங்க என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை ரொம்ப நேரம் என்னைப் பாத்தாங்க. அப்புறம் டெம்போ அம்மாவைப் பாத்தாங்க. பெரியப்பா காதுல ஏதோ கேட்டாங்க, அவரு தோளைக் குலுக்குனாரு. கடைசியில தீர்ப்பு வந்துச்சு. அபராதம் ரெண்டு கோழி. பொட்டை. வேற யாரும் கொண்டாரக் கூடாது, பொண்ணோட சித்தி தன் கையாலேயே தூக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கட்டேட்டே வந்து, எல்லார் முன்னாலயும் கொடுக்கணும். வெளியாளுக்கு அபராதம் போடுற வழக்கம் அவங்க ஊர்ல இல்லையாம். சொந்தக்காரங்களுக்கு மட்டும்தானாம்.

அப்புறம் மிச்சமிருந்த பானகத்தை அத்தை ஒரே மடக்குல குடிச்சிட்டு, குவளையைத் தோகோ கையில கொடுத்துத் தலையைத் தொட்டாங்க. சாப்பாட்டுக்கு எல எங்கன்னு... எலயா, தட்டு எங்கன்னு கேட்டாங்க. கொழம்பு லேசா அடிப்பிடிச்சிருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை.

அபராதம் கட்டப்போறேன்! இவுககிட்ட சொன்னப்ப, "இதுக்குப் போயி ஏண்டி இப்படிப் பல்லைக் காட்டுற?"ன்னாக. சொன்னாப் புரியுற ஆளா?

ஜனவரி 9, திங்கள்

கல்யாணம் அடுத்த மாசம்தான். ஆனா நான் இன்னைக்கே சந்தைக்குப் போயி ரெண்டு கோழி வாங்கிட்டு வந்துட்டேன், வச்சு வளத்துக்கலாம்னு. குளிக்கிற எடத்துல விட்டிருக்கேன். இவுக துண்டோட வெளிய நிக்கிறாக.

சாயங்காலம் டெம்போ அம்மா கோழியைப் பாக்க வந்தாங்க. ஒண்ணைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பாத்தாங்க. கீழ விட்டாங்க. இடுப்புல கையை வச்சாங்க. அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க!

இது கோழியா குருவியா? எந்தக் குருட்டுப்பய உன் தலையில கட்டுனான்? இதைத் தூக்கிட்டுக் கட்டேட்டே வந்தா என் மொகத்தை நான் எங்க வச்சுக்கிறது? கூட ஆள் இல்லாம சந்தைக்குப் போகச் சொன்னது யாரு? முட்டி போடுறப்ப ஏன் மூட்டையை எறக்குற மாதிரி தொப்புன்னு விழுற? உனக்கு வாய் இருக்குல்ல, ஒரு செடியில கை வைக்கிறதுக்கு முன்னால இது என்னன்னு கேக்கத் தெரியாதா? ரெண்டு மாசம்! ரெண்டு மாசத்துக்கு மேல என் கண்ணு முன்னால!

மூச்சு விடாம பத்து நிமிஷம். பாதி இங்கிலீசு, பாதி அவங்க பாஷை. இந்தப் பத்து மாசத்துல எங்கிட்ட அவங்க கொரலை ஒசத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் கோழியை மடியில வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்.

இவுக பதறிப்போய் ஓடியாந்து, "என்ன அரசி, என்ன சண்டை? என்ன ஆச்சு?"ன்னாக.

"ஒண்ணுமில்லை, நீங்க உள்ள போங்க"ன்னேன். "எங்க அக்கா திட்டுறாங்க."